பதினாலாம் நம்பர் அண்டா

ஒரு பொருளை யாருமே பயன்படுத்தவில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் அதைக் கழிக்க வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னது என் இளைய மகள் பெர்சிஸ். போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்திய உபவாச காலத்தில், மூன்றாம் புதன்கிழமை சாயங்காலம். ஆராதனைக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நானும் அவளும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். இவ்வளவு துல்லியமாக ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதை இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுகிறார்கள். நான் சொல்லுவதுதான் சரி.

நீ அண்டாவைப் பார்த்துச் சிரித்தாயே, அதனால்தான் ஆரம்பித்தேன். கண்டக்டரும் சிரித்தார். "என்னம்மா, அண்டாவுக்கும் டிக்கெட் போடவா?" என்றார். போடுங்க என்றேன். போட்டுவிட்டார். அதனால் அதுவும் உன்னையும் என்னையும் போல டிக்கெட் எடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. காலை மட்டும் அதன்மேல் வைக்காதே பிள்ளை. கஞ்சி காய்ச்சப்போகிற பாத்திரம்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்த இருவரும் அவரவர் குடும்பத்தோடு இருக்கிறார்கள். பெர்சிஸ் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். என்ன வேலை என்று சபையில் கேட்டால் கம்ப்யூட்டர் என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையில் அது அதற்கும் உள்ளே இருக்கிற வேலை. மற்றவர்கள் எழுதுகிற ப்ரோக்ராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற ஒன்று இருக்கிறதாம், கம்பைலர் என்று பெயர். அதைச் செய்கிற பத்துப் பேரில் இவள் ஒருத்தி. நான் எட்டாம் வகுப்பு. ஆனாலும் எனக்குப் புரிந்தது. புரியாது என்று நினைத்தவர்கள்தான் கடைசியில் முழித்தார்கள்.

அந்த மாதம் அவள் லீவு இல்லாமலே வீட்டுக்கு வந்திருந்தாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள், ஒரு வாய் சாப்பிட்டு ஒன்பது வாயை மறந்துவிடுவாள். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் கீரையை அவள் முன்னால் கொட்டி, "உருவு, உருவிக்கிட்டே சொல்லு" என்றேன். சொன்னாள்.

நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சு பொரிக்கிற பண்ணை. முட்டைகளை அடுக்கிச் சூடு கொடுக்கிற பெரிய பெட்டிகள். அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற ப்ரோக்ராமை மாற்றிக் கொடுத்தது இவர்களுடைய கம்பைலர். சூடு ஏறினால் விசிறி ஓட வேண்டும். ஓடவில்லை. பன்னிரண்டாயிரம் முட்டை உள்ளேயே வெந்துபோய்விட்டது. கிரீஷ் என்று இவளுக்கு மேலே ஒருவர். 'போன மாதம் பெர்சிஸ் செய்த மாற்றத்தால் வந்த பிழை, ஒப்புக்கொண்டு திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்' என்று அவர் ஒரு கடிதம் அனுப்பிவிட்டார். கையெழுத்துப் போட்டால் வேலை போனாலும் போகும்.

"ஏட்டி, போடச் சொன்னா போட்டுருவியோ?" என்றேன்.

"இன்னும் போடலம்மா. முதல்ல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"எனக்கும் தெரியணும். சொல்லு."

"உங்களுக்கா?"

"ஏன், எனக்கு என்ன? பத்தொன்பது வருஷமா கோயில் பாத்திர ரூமுக்கு நோட்டு எழுதுதேன். அறுபத்திரண்டு உருப்படி. ஒரு கரண்டி தொலைஞ்சிருக்கா?"

தொலைந்ததில்லை. இது உனக்கும் தெரிய வேண்டும். எங்கள் சபையில் வருஷம் ஒருமுறை அசனம் நடக்கும். கோயில் வளாகத்திலேயே சமைத்து ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அதற்காகச் சேர்ந்த பாத்திரங்கள் மற்ற நாட்களில் வீடுகளுக்குப் போகும், வரும். கல்யாணம், துக்கம், வீட்டு ஜெபம், எல்லாவற்றுக்கும். ஒவ்வொன்றிலும் நம்பர் வெட்டியிருக்கும். நோட்டில் நம்பருக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில், அதை யார் யார் வழக்கமாக எடுக்கிறார்கள் என்று பெயர் இருக்கும். சாவி என்னிடம்.

பெர்சிஸ் கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். கம்பைலர் ஒரே தாவில் மாற்றிவிடாதாம். நடுவில் தனக்கென்று ஒரு பாஷையில் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுமாம். அந்த நடு பாஷையில் ஒவ்வொரு மதிப்பும் ஒரே ஓர் இடத்தில்தான் பிறக்கும், அதற்கு ஒரு பெயர். பக்கத்திலேயே ஒரு பட்டியல், இந்த மதிப்பை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று. ஒரு மதிப்புக்குப் பதில் வேறொன்றைக் கொண்டுவந்தால், அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஒவ்வொருவரிடமும் போய், இனி அது இல்லை, இது என்று மாற்றிவிட வேண்டும். பட்டியலில் ஒரு பெயருமே இல்லை என்றால், யாருக்கும் வேண்டாத பொருள், அழித்துவிடலாம். மெஷினுக்குச் சுமை குறையும்.

"நோட்டுதானே" என்றேன்.

"நோட்டுதான்மா" என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

அந்தப் பெட்டியில் 'போன தடவை அளந்த சூடு' என்று ஒரு மதிப்பு. இப்போதைய சூட்டை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விசிறி ஓடும். கம்பைலர் அந்தப் போன தடவைச் சூட்டின் பட்டியலைப் பார்த்திருக்கிறது. காலி. அழித்துவிட்டது. ஆனால் ப்ரோக்ராமுக்குள்ளேயே ஒருவர் அதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். இரண்டு பாதை வந்து சேருகிற முக்கில் நிற்கிறவர் என்று சொன்னாள் பெர்சிஸ். எந்தப் பாதையில் வந்தாலும் அந்தப் பாதையில் வருகிற மதிப்பை வாங்கி மேலே அனுப்புகிறவர். அவர் பெயர் பட்டியலில் இல்லை.

"ஏன் இல்லை?"

"அதான் தெரியலை. மூணு வாரமாத் தேடுதேன்."

இந்த இடத்தில்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். சும்மா பேச்சுக்குச் சொன்னேன். "அழிச்சவன் மேல என்ன தப்பு? நோட்டுல பேர் இல்லைன்னா அழிக்கத்தானே செய்வான். கமலம் வந்தா, 'அக்கா என் பேரை அடிச்சிருங்க, நான் சென்னைக்குப் போறேன்'னு சொன்னா. அடிச்சேன். அவ தன் வேலையை ரத்தினபாய் கையில கொடுத்துட்டுப் போயிருக்கான்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

பெர்சிஸ் கை அப்படியே நின்றுவிட்டது.

"ம்மா. இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

"எனக்கு ஜோசியமா தெரியும்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"கமலம் பேரை அடிக்கச் சொன்னா. ரத்தினபாய் பேரை யாரும் எழுதச் சொல்லல."

பாதிக் கீரையோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். மீதியை நானே உருவினேன்.

ரத்தினபாய் விஷயம் இவ்வளவுதான். நான்கு வருஷத்துக்கு முந்தியது. பதினாலாம் நம்பர் அண்டாவைக் கமலம் சனிக்கிழமைதோறும் எடுத்துப்போய், பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வார்டில் நோயாளிகளுக்குத் துணையாக இருக்கிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவாள். அவள் சென்னைக்குப் போகும்போது அந்த ஊழியத்தை ரத்தினபாய் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் வீட்டுச் சுவருக்கு மேலே பேசி முடித்துக்கொண்டார்கள். நோட்டுக்கு யாரும் வரவில்லை. கோயிலில் மணி அடித்துக் கதவு திறக்கிற கோயில்குட்டியாரிடம் இன்னொரு சாவி உண்டு. அவர் திறந்து கொடுப்பார், இவள் எடுப்பாள், கழுவி வைப்பாள். அசனத்துக்கு முன்னால் பழைய பாத்திரங்களைக் கடையில் கொடுத்துப் புதிது மாற்றுகிற வழக்கம். நோட்டைப் புரட்டினேன். பதினாலாம் பக்கத்தில் கமலம் பெயர் மட்டும், அதுவும் அடித்துக் கிடந்தது. வண்டியில் ஏற்றிவிட்டேன். சனிக்கிழமை காலை ரத்தினபாய் பன்னிரண்டு கிலோ நொய்யரிசியோடு பாத்திர ரூம் வாசலில் வந்து நின்றாள்.

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். போடவில்லை. அடுத்த வாரம் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, "கனியக்கா, நோட்டைப் பாத்தீங்க. ஒரு எட்டு என் வீட்டு வாசலைப் பாத்தீங்களா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். "நோட்டுல இல்லாததுக்கு நான் வாசல் வாசலாப் போக முடியுமா?" என்றேன். நியாயம்தானே? நீயே சொல்லு. சரி, சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகு அவள் கூட்டத்துக்கு வரவில்லை. ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்து சாத்தான்குளத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். நான் போகச் சொல்லவில்லை. அவளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

பெர்சிஸ் கதைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடத்துக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு சோதனை எழுதியிருக்கிறாள். இதுவரை எல்லோரும் பட்டியல் பக்கம் நின்றே கேட்டார்களாம், யார் உன்னைப் பயன்படுத்துகிறார்கள் என்று. இவள் மறுபக்கம் போயிருக்கிறாள். பயன்படுத்துகிற ஒவ்வொருவரிடமும் போய், நீ யாரைப் பயன்படுத்துகிறாய், அவர் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று கேட்க வைத்திருக்கிறாள். பதினோரு இடத்தில் பெயர் இல்லை. பதினொன்றும் ஒரே மாதிரி. ஒருவர் விலகி, தன் இடத்தை அந்த முக்கில் நிற்கிறவரிடம் கொடுக்கிறார். விலகுகிறவர் பெயரை அடித்தாயிற்று. வாங்கிக்கொண்டவர் பெயரை எழுதவில்லை.

"பாத்தியா! கமலம்தான்!" என்றேன். எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். "ஸ்தோத்திரம் ஆண்டவரே! போன மாசம் நீ செஞ்சதுல்லயே?"

"இல்லம்மா. போன மாசம் செஞ்சதுல ஒண்ணும் இல்லை. இது ரெண்டு வருஷத்துக்கு முந்தி எழுதினது."

"எந்தப் படுபாவி எழுதினான்?"

அவள் என்னையே பார்த்தாள்.

"நான்தான்மா."

அவள் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் பின்னால் போய்விட்டார்கள். நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்துவிட்டுச் சொன்னேன். "கடிதத்துல என்ன கேட்டிருக்கு? போன மாசம் செஞ்சதைத்தானே கேட்டிருக்கு? போன மாசம் செஞ்சதுல தப்பு இல்லைன்னு எழுது. உண்மைதானே? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"அப்ப பதினோரு இடமும்?"

"அதை நைசாத் திருத்திரு."

"அம்மா, நீங்களா இதைச் சொல்லுதீங்க?"

"நான் பொய் சொல்லச் சொல்லலையே. சும்மா இருக்கத்தானே சொல்லுதேன்."

இதில் என்ன பாவம் இருக்கிறது? பிள்ளை வேலை போகப் பார்க்கிறது. எந்தத் தாயும் இதைத்தான் சொல்லியிருப்பாள். அவளோ உட்கார்ந்து, நடந்தது பூராவையும் எழுதினாள். எந்த வருஷம், எந்த வரி, எப்படி விட்டுப்போனது, வேறு எந்தெந்த வாடிக்கையாளருக்கு இதே மாதிரி ஆகக்கூடும், எல்லாம். நான் அறைக்குள் போய் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, அவள் அனுப்புமுன்னே கரண்ட் போகட்டும் என்று கேட்டேன். போயிற்று! பிள்ளை, சத்தியமாகச் சொல்கிறேன், மின்விசிறி நின்றது. ஸ்தோத்திரம் சொல்லி எழுந்து வெளியே வந்தால் அவள் அனுப்பி முடித்துவிட்டு லேப்டாப்பை மூடுகிறாள். அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறதாம். நெட்டும் போனிலிருந்து வருகிறதாம்.

அப்புறம் ஒரு வார்த்தை வந்தது அவள் வாயிலிருந்து. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ரத்தினபாய் சித்தி அன்னைக்குக் கேட்டாங்கல்ல, அப்ப நீங்களும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்மா."

"நான் என்ன சொல்லணும்? பேரை எழுதாம விட்டது அவங்க ரெண்டு பேரும்."

"நோட்டு யாருதும்மா?"

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. சாப்பாடு போட்டேன், பேசவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேர் கூட்டத்திலிருந்து எடுத்து, சோதித்துப் பார்க்கிற பிரிவில் போட்டுவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் போனிலிருந்து நம்பரை எடுத்து அந்தக் கிரீஷுக்கு நானே பேசினேன். "ஐயா, நான் பெர்சிஸோட அம்மா. உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு நீங்க கொடுக்கிற பரிசு இதுதானா?" என்று கேட்டேன். அந்த மனுஷர் கன்னடத் தமிழில் நிதானமாகத்தான் பேசினார். "அம்மா, அவங்க எழுதின சோதனை இப்போ எங்க கம்பைலர்ல தினம் ஓடுது. அதைப் பார்த்துக்கத்தான் அங்கே போட்டிருக்கோம். அவங்க மட்டும் சொல்லாம இருந்திருந்தா நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோம்."

கேட்டாயா! கண்டுபிடித்திருக்கவே மாட்டார்களாம்! நான் சொன்னது சரிதானே? போனை வைத்துவிட்டு இதை பெர்சிஸிடம் சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், அழுகிறாள், இரண்டும் செய்கிறாள். "கிரீஷ் சாருக்கா போன் பண்ணுனீங்க?" என்கிறாள். ஏன், அவர் என்ன கவர்னரா?

அவள் பெங்களூர் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் சொன்னதற்காக இல்லை. அசனம் வருகிறது, எப்படியும் சரிபார்க்க வேண்டும். ஆனால் இந்தத் தடவை ரூமிலிருந்து ஆரம்பிக்கவில்லை. வீடுகளிலிருந்து ஆரம்பித்தேன். படியேறி, "கோயில் பாத்திரம் எது எது நீங்க எடுக்கீங்க?" என்று கேட்டேன். அவர்கள் சொன்ன பிறகு நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். நாற்பத்தெட்டு வீடு. மூட்டு என்னைக் கேள்வி கேட்டது. ஒன்பது பெயர் இல்லை, பிள்ளை. ஒன்பது! பத்தொன்பது வருஷ நோட்டில். மேலத்தெருவில் ஒருத்தி, "என் பேரு இருக்கணும்னே எனக்குத் தெரியாதுக்கா, யாரும் கேக்கலையே" என்றாள். இட்லிக் கொப்பரையை மூன்று வருஷமாக எடுக்கிறாள். இந்த வருஷம் அதைத்தான் கழிக்கலாம் என்று குறித்து வைத்திருந்தேன்.

எட்டுப் பெயரை எழுதிவிட்டேன். ஒன்பதாவது பெயருக்கு உரிய வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். வாசலில் நின்று பார்த்தேன். சுவர் அப்படியே இருக்கிறது, கமலம் வீட்டுக்கும் அதற்கும் நடுவில். இடுப்புயரம்தான்.

மறுநாள் பாத்திரக் கடைக்குப் போனேன். அதே அளவு அண்டா வேண்டும் என்றேன். "என்ன பேரு வெட்டணும்?" என்றார் கடைக்காரர். பதினாலு என்று மட்டும் வெட்டச் சொன்னேன். அதோ பார், விளிம்பில் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதெல்லாம் இல்லை. சாத்தான்குளத்தில் அவள் இரண்டு சின்னப் பானையில் மாற்றி மாற்றிக் காய்ச்சி, அங்கேயும் சனிக்கிழமை ஊற்றுகிறாளாம். கோயில்குட்டியார் சொன்னார். பானை போதவில்லை, அண்டா கொண்டுபோகிறேன். அவ்வளவுதான். அவள் கதவைத் திறந்தால் வாசலில் வைப்பேன். திறக்காவிட்டாலும் வைப்பேன். 'வாசலைப் பாத்தீங்களா' என்றுதானே கேட்டாள்? பார்த்துவிட்டு வருகிறேன். பார்க்கும்போது வாய் எதையாவது சொன்னால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பெர்சிஸுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வாள்.

முனைஞ்சிப்பட்டி தாண்டிவிட்டதா? அப்படியானால் சாத்தான்குளத்துக்கு அதிக நேரம் இல்லை. அண்டாவை நானே இறக்கிக்கொள்வேன், அதற்கு நீ சிரமப்பட வேண்டாம். இந்தப் பையில் நோட்டு இருக்கிறது பார். பதினாலாம் பக்கம். கமலம் என்று எழுதி அடித்திருக்கிறதே, அதற்குக் கீழே. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், பஸ்ஸும் குலுக்குகிறது. என் கையால் எழுத மாட்டேன் என்று ஒன்றும் இல்லை. உன்னிடம் பேனா இருக்குமே. ரத்தினபாய் என்று எழுதிக் கொடும்மா.